அன்னம்மாவின் சாக்கில் ஜீவராணியின் கொழுந்து

ஜீவராணியும் அன்னம்மாவும் ஒரே வருஷத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில், நடுவே ஒரு சுவரை வைத்துக்கொண்டு பிறந்தவர்கள். ஜீவராணி மாசியில், அன்னம்மா மார்கழியில். இந்த வித்தியாசத்தை வெகுகாலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சண்டை வந்தால் மட்டும், "மூத்தவ சொல்றேன், கேளுடி" என்று ஜீவராணி சொல்லிக்கொள்வாள். பிறகு அரசாங்கம் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது.

அக்கரப்பத்தனைக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் நடந்து போகவேண்டிய தேயிலைத் தோட்டம் அது. வெள்ளைக்காரன் வைத்த பெயர் பலகையில் இருக்கிறது. ஆட்கள் சொல்வது தொப்பித்தோட்டம். எந்தத் துரையின் தொப்பி எந்த ஆற்றோடு போனது என்பதற்கு மூன்று கதைகள் உண்டு. மூன்றிலும் தொப்பி போய்விடுகிறது, துரை பிழைத்துக்கொள்கிறார்.

அந்தத் தோட்டத்தில் ஐம்பத்தைந்து வயதானால் வேலைப் பதிவில் பெயர் வெட்டிவிடுவது வழக்கம். இரண்டாயிரத்து இருபத்தொன்று மாசியில் ஜீவராணியின் பெயர் வெட்டப்பட்டது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அவளுக்கு ஒரு மாலை போட்டார்கள். தோட்டத்தின் சார்பில் சூடு ஆறாத பிளாஸ்க் ஒன்று கொடுத்தார்கள். ஆயுள் முழுக்கத் தேயிலை பறித்தவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிவைக்க ஏதாவது கொடுக்கவேண்டும் என்று யோசித்திருப்பார்கள் போலிருக்கிறது. யோசித்தவர் நல்ல மனுஷர்தான். ஒருவர் மட்டும் குடிக்கிற அளவு பிளாஸ்க் வாங்கியதில்தான் அவருடைய தொலைநோக்கு தெரிகிறது.

அதே வருஷம் முடிவதற்குள் பாராளுமன்றத்தில் சட்டம் வந்தது. மனிதர்கள் முன்பைவிட நீண்டகாலம் வாழ்கிறார்கள், ஆகவே நீண்டகாலம் உழைக்க விடவேண்டும், ஐம்பத்தைந்தில் யாரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்றது சட்டம். நல்ல சட்டம். ஆனால் எந்த நல்ல சட்டத்துக்கும் ஒரு தேதி தேவைப்படுகிறது. தேதி என்று ஒன்று வந்துவிட்டால் யாராவது அதற்கு அந்தப் பக்கம் விழத்தான் வேண்டும். ஐம்பத்தைந்தை இன்னும் தொடாத அன்னம்மாவுக்கு மேலும் இரண்டு வருஷம் வேலை கிடைத்தது. ஏற்கெனவே பிளாஸ்க் வாங்கிவிட்ட ஜீவராணிக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஒரே வருஷத்தில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்தி தொழிலாளி ஆனாள், இன்னொருத்தி முதியவள் ஆனாள்.

சேமலாப நிதி கைக்கு வந்தது. அதாவது, வேலையை விட்டால்தான் தருவோம் என்று அவளுடைய சம்பளத்திலிருந்தே பிடித்து வைத்திருந்த பணம். அதில் பெரும்பகுதியைக் கட்டி மகன் தனுஜனைக் கட்டாருக்கு அனுப்பினாள். மிச்சம் வங்கியில் கிடந்தது. அடுத்த வருஷம் நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது அது கிடந்த இடத்திலேயே கரைந்தது. யாரும் திருடவில்லை, யாரும் செலவழிக்கவில்லை, ஆனால் இல்லை. தனுஜன் முடிந்தபோது அனுப்புகிறான். வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் முகம் காட்டுகிறான்.

"இத்தன வருஷம் ஒழச்சது போதும்மா. ரெஸ்ட் எடுங்க."

"எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் ராசா."

அவள் எடுத்த ரெஸ்ட் எப்படிப்பட்டது என்று சொல்லவேண்டும். ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் சங்கு ஊதுவதற்கு முன்பே விழித்துவிடுவாள். ரொட்டி சுட்டு முடித்த பிறகுதான் யாருக்கு என்ற கேள்வி வரும். புருஷன் வீரய்யா செத்துப் பல வருஷமாகிவிட்டது. எட்டு மணிக்குள் லயம் காலியாகிவிடும். பெரியவர்கள் மலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு, இளவட்டங்கள் எப்போதோ கொழும்புக்கு. மிஞ்சுவது இரண்டு நாய்கள், கடைசிக் காம்பரா அறையில் வாதத்தில் படுத்த ஒரு கிழவர், பிறகு ஜீவராணி. மதியத்துக்குள் மூடுபனி இறங்கி எதிர் லயத்தை மறைத்துவிடும். ஒரு நாள் முழுக்கத் தன் குரலைத் தான் கேட்கவில்லை என்று ஒரு சாயங்காலம் அவளுக்குத் தோன்றியது. நாயைக் கூப்பிட்டுப் பார்த்தாள். நாய் வந்தது. ரொட்டி இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டது.

அடுத்த வாரம் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க வருவதாகக் கங்காணி பொன்னையாவிடம் போய்ச் சொன்னாள்.

கைக்காசு என்பது பெயர் இல்லாதவர்கள் செய்கிற வேலை. பறித்த கிலோவுக்குக் காசு, அவ்வளவுதான். இங்கே ஒரு சின்ன வேடிக்கை உண்டு. தோட்டத்தில் கொழுந்தெடுக்க ஆளில்லை. இளசுகள் போய்விட்டார்கள். ஆகவே வயதாகிவிட்டது என்று அனுப்பப்பட்டவர்களையே, வயதைக் கேட்காமல், திரும்பக் கூப்பிடுகிறார்கள். நேற்றுவரை பறித்த அதே செடி, அதே கை. பெயர் மட்டும்தான் ஓய்வெடுக்கிறது.

ஆனால் பெயர் உள்ளவர்களோடு கைக்காசுக்காரர் ஒரே மலையில் நிற்கக்கூடாது. அது கண்டிப்பான விதி. பெயருள்ளவர்கள் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். பக்கத்தில் கைக்காசு ஆள் நின்றால் கொழுந்து கைமாறும் என்று தோட்டம் பயந்தது. அதனால் ஜீவராணியை ஓடைக்கு அந்தப் பக்கம், மானாப்புல் பாதி மூடிய தூரத்து மலைக்கு அனுப்பினார்கள். அங்கே கைக்காசுக்கு வேறு ஆள் வரவில்லை. கம்பனி விட்டுவிட்ட அந்த மலையில் அவளும் செடியும்தான்.

பத்து மணிக்கு ஓடைக்கு இந்தப் பக்கம் பொன்னையா வாயில் கை குவித்துக் கூவுவார். தேத்தண்ணிக்கு ஆட்கள் தேயிலை நிரையை விட்டு இறங்கிப் பாறையடியில் கூடுவார்கள். வாரத்துக்கு ஒருத்தி முன்பே இறங்கித் தண்ணி கொதிக்க வைத்திருப்பாள். ரொட்டியும் சம்பலும் கைமாறும். யாருடைய மருமகள் யாரோடு பேசவில்லை என்பதும் கைமாறும். ஜீவராணிக்குத் தூரத்து மலையில் கூவல் கேட்கும். லெட்சுமி என்றொருத்தி இருக்கிறாள், வாய்க்காரி. அவள் ஏதோ சொல்ல எல்லோரும் சிரிப்பதும் கேட்கும். சிரிப்பு ஓடையைத் தாண்டி வந்துவிடும். பகிடி மட்டும் வந்து சேராது. என்ன சொல்லியிருப்பாள் என்று ஜீவராணி சாயங்காலம்வரை யோசித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் கூவலுக்குப் பதில் கூவல் கொடுத்துவிட்டு, சாக்கோடு ஓடையில் இறங்கினாள்.

பாறையடியில் அன்னம்மா தனியாக, வலது கையை மடியில் குழந்தைபோல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள்பட்டை போய்க் கொஞ்சநாள் ஆகியிருந்தது. சட்டம் அவளுக்கு இரண்டு வருஷ வேலை கொடுத்தது, இரண்டு வருஷத் தோள்பட்டை கொடுக்கவில்லை. அந்த வாரம் பெரும்பாலும் அரைப்பேர்.

ஜீவராணி ஓடையிலிருந்து நேரே அவளிடம் வந்தாள். தன் சாக்கை அவிழ்த்து, அன்னம்மாவின் சாக்கில் கவிழ்த்தாள்.

"ஏய், என்னாடி பண்ற?"

"எங்கிட்ட கெடந்தா என்னா, குட்டி போடவா போகுது? தள்ளி ஒக்காரு."

"காசுடி அது."

"காசு பேசுமா? தள்ளி ஒக்காருன்னேன்."

அன்னம்மா தள்ளி உட்கார்ந்தாள். யாரோ ரொட்டியில் பாதியை நீட்டினார்கள். லெட்சுமி அன்றைக்குச் சொன்னது பெரிய பகிடி ஒன்றுமில்லை. ஜீவராணி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அது ஒரு ஏற்பாடாகிவிட்டது. யாரும் பேசி முடிவு செய்யவில்லை. ஜீவராணி காலையில் தூரத்து மலையில் ஏறுவாள். அவசரமாகப் பறிப்பாள். பத்து மணிக் கூவலுக்கு ஓடையைத் தாண்டி வந்து பெரும்பகுதியை அன்னம்மாவின் சாக்கில் கொட்டுவாள். போகப்போக, தேத்தண்ணி முடிந்தும் திரும்பிப் போகாமல், அன்னம்மாவின் நிரையிலேயே அவளுக்குப் பக்கத்தில் நின்று அவளுடைய சாக்குக்கே பறிக்கத் தொடங்கினாள். தன் பங்குக்கு, வந்த பெயருக்கு, இரண்டு கைக் கொழுந்து மட்டும் கடைசியில் கொண்டுபோய் நிறுப்பாள்.

"சம்பளமில்லாம வேல பாக்குற ஒரே ஆளு ஒலகத்துலயே நீங்கதான் அக்கா," என்றாள் லெட்சுமி. "கோயில்ல சாமிக்குக்கூட சுண்டல் படைக்கிறோம்."

"சாமி ஒன் வாயக் கேட்டுக்கிட்டா கொழுந்தெடுக்குது?"

"ஐயோ, எடுத்துப் பாக்கட்டும். இந்தக் கங்காணியண்ணன்கிட்ட அரைப்பேர்தான் கெடைக்கும்."

பொன்னையாவுக்கு எல்லாம் தெரியும். முழுப்பேர் வாங்கும் ஆட்கள் அதிகமிருந்தால் அவருக்கும் நல்ல பெயர். "எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு ஆத்தா," என்பார். "டாக்டர் கண்ணாடி போடச் சொன்னாரு. தோட்டம் நல்லா இருக்கட்டும்னுதான் போடல."

ஆக, ஓய்வுபெற்றவள் தினமும் வேலைக்கு வந்தாள். வேலையில் இருப்பவள் பாதிநாள் கையை மடித்துப் பக்கத்தில் நின்று பேசினாள். ஜீவராணி கொழுந்தைக் கொடுத்து நிரையில் ஓர் இடம் வாங்கினாள் என்று கணக்குப் பார்ப்பவர் சொல்லலாம். அவளைக் கேட்டால் கைதவறிக் கொட்டிவிட்டது என்பாள்.

ஆனால் அந்த இடத்துக்கு ஆயுள் அன்னம்மாவின் பெயர் இருக்கும்வரைதான். அது ஜீவராணிக்கு நன்றாகத் தெரியும். அடுத்த மார்கழியில் அன்னம்மாவின் இரண்டு வருஷம் முடிகிறது. அவள் பெயர் வெட்டப்பட்டால் நிரையில் யாருடைய சாக்குக்குப் பறிப்பது? லெட்சுமிக்கு உதவி தேவையில்லை, அவள் கைக்கும் வாய்க்கும் ஒரே வேகம். அன்னம்மாவின் மகன் ஜெயகாந்தன் நல்லதண்ணி என்கிற ஊரில், சிவனொளிபாதமலை ஏறுகிற சீசனுக்குத் தொப்பி, கம்பளிக் கடை போடுகிறவன். அவன் அம்மாவைத் தன்னோடு வந்து இருக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

"போயிருவியாடி?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"எங்க? அவன் பொண்டாட்டி முன்னாடி தொப்பி வித்துக்கிட்டு ஒக்காரவா? பேர் வெட்டுனா நானும் ஒன்னோட கைக்காசுக்கு வந்துர்றேன். தூரத்து மலையில ரெண்டு பேரும் ராணி மாதிரி நிப்போம்."

"சத்தியமா?"

"ஒங்கையில அடிச்சா சொல்லணும்? கை நோகுதுடி."

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு ஜீவராணி ஐப்பசி மழை முழுவதையும் கடந்தாள். தூரத்து மலையில் மானாப்புல்லை வெட்டி ஒரு பாதை எடுத்தாள். அன்னம்மாவின் முழங்கால் பொறுக்கும்படி செங்குத்தை விட்டுச் சுற்றிப்போகிற பாதை. சவுக்கு மரத்தடியில் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தாள். உட்கார இரண்டு தட்டைக் கல்லை ஓடையிலிருந்து தூக்கி வந்தாள். இரண்டாவது கல்லைத் தூக்கியபோது முதுகு பிடித்து இரண்டு நாள் படுத்தாள். கட்டாரிலிருந்து தனுஜன், "பாத்தீங்களா, ரெஸ்ட் எடுத்தா ஒடம்புக்கு எவ்வளவு நல்லது" என்றான்.

மார்கழி பிறந்தது. அன்னம்மாவின் நாள் வந்த காலையில் பெரட்டுக் களத்துப் புல்லெல்லாம் பனியில் வெளுத்திருந்தது. ஜீவராணி நல்ல சேலை உடுத்தி, வேலிப்பூவில் தானே கட்டிய மாலையோடு வந்திருந்தாள். கண்டாக்கு நிரஞ்சன் போனைப் பார்த்தபடி வந்தார். தோட்டத்தில் கங்காணிக்கு மேலே இருக்கிற உத்தியோகத்தர். வயசு முப்பது இருக்கலாம், படித்தவர், தொழிலாளரை நீங்க என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு முன்பிருந்த கண்டாக்கு நீ என்று சொல்லித்தான் விரட்டுவார். இவர் விரட்டினால் மரியாதையோடு விரட்டுவார்.

"அன்னம்மா அம்மா முன்னுக்கு வாங்க. இவங்கள எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. இந்த வயசுல, இந்த கேங்க்லயே குறையாம முழுப்பேர் எடுக்கிறது இவங்கதான். இளம் புள்ளைங்க வெக்கப்படணும்." லெட்சுமி வெட்கப்படாமல் இருமினாள். "நான் துரைகிட்டப் பேசிட்டேன். இவங்க பேர வெட்டல. கொன்ட்ரெக்ட்ல அதே மலை, அதே நிரை. வருஷத்துக்கு வருஷம் பாத்துக்கலாம்."

கைதட்டினார்கள். அன்னம்மா கையைப் பார்த்தாள்.

"அப்புறம், ஜீவராணி அம்மா." நிரஞ்சன் குரலைத் தணித்துக்கொண்டார், அதில் உண்மையான அக்கறை இருந்தது. "ஒங்க கொழுந்தப் பாத்தேன். ரெண்டு கைப்பிடி. அதுக்காக அவ்வளவு தூரம் ஏறி எறங்குறீங்க. ஒரே வயசுதானே ரெண்டு பேரும்? ஆனா எல்லார் ஒடம்பும் ஒரே மாதிரி இருக்காது. விழுந்துட்டீங்கன்னா பிரச்சினை. இனிமே வரவேணாம், வீட்ல ரெஸ்ட் எடுங்க."

பொன்னையா வானத்தைப் பார்த்தார். அன்னம்மாவின் வாய் திறந்தது. அவள் உண்மையைச் சொன்னால் கொன்ட்ரெக்ட் போகும், கங்காணியின் வேலையும் போகும். ஜீவராணிக்கும் நிரை கிடைக்கப் போவதில்லை. திறந்த வாய் மூடிக்கொண்டது. ஜீவராணி அது மூடும்வரை காத்திருந்தாள்.

"ஆமாங்கய்யா," என்றாள். "முன்ன மாதிரி முடியலங்க."

மாலையை அன்னம்மாவின் கழுத்தில் போட்டுவிட்டு லயத்துக்கு இறங்கினாள்.

அன்று சாயங்காலம் அன்னம்மா வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"நீயும்தான் சொல்லியிருக்கலாம்."

"நா எப்படிடி சொல்றது?"

"அதான். நா மட்டும் எப்படிச் சொல்றது?"

இருவரும் சொன்னது சரி. அன்னம்மா வாசலிலிருந்தே திரும்பிப் போனாள். மறுநாளிலிருந்து நிரஞ்சன் தன் கண்டுபிடிப்பை ரசிக்க அடிக்கடி அந்த நிரைக்கே வந்து நின்றார். ஜீவராணி ஓடைப்பக்கம்கூட எட்டிப்பார்க்க முடியவில்லை. அன்னம்மாவின் சாக்கு நிறையவில்லை. அரைப்பேர். மறுநாளும் அரைப்பேர். பொங்கலுக்குள் தோட்டத்தின் மிகச் சிறந்த முதிய தொழிலாளியின் பேச்சை நிரஞ்சன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். மனித உடம்பு திடீரென்று இறங்கிவிடும் என்று பொன்னையாவிடம் வருத்தப்பட்டாராம். பொன்னையா கண்ணாடி வாங்கப் போவதாகச் சொன்னாராம்.

பொங்கல் கழித்து அன்னம்மா தானே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நல்லதண்ணிக்குக் கிளம்பினாள். இப்போது கைக்காசுக்குக்கூட அவள் கை உதவாது. பையோடு வந்து சுவரைத் தட்டினாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் தட்டுவது.

"நீயும் வாயேண்டி. கடையில ரெண்டு பேரும் ஒக்காரலாம்."

"தொப்பி விக்கவா?"

"தொப்பியும் இருக்கு, கம்பளிச் சட்டையும் இருக்கு."

"ஒம் மருமகளுக்கு ஒரு கெழவியே ஜாஸ்தி. போ, பஸ்ஸ விட்றாத."

"சீசன் முடிய வந்துருவேன்."

"வா, வா. பாத எடுத்து வச்சிருக்கேன்."

பஸ் வளைவில் மறையும்வரை ஜீவராணி நின்றாள். பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரவில்லை.

மாசியில் பொன்னையா வந்து இஸ்தோப்புத் திண்ணையில் நின்றார். கண்ணாடி போட்டிருக்கவில்லை. கொழுந்து முற்றுகிறது, ஆள் போதவில்லை, தூரத்து மலைக்கு யாருமே போக மாட்டேனென்கிறார்கள், கண்டாக்கே கேட்டுவரச் சொன்னார் என்றார்.

"விழுந்துட்டா?"

"கொழுந்து முத்துனா யாரும் விழ மாட்டாங்க ஆத்தா."

அவள் போனாள். இப்போது ஓடையைத் தாண்ட வேண்டியதில்லை. பறிக்கிறது எல்லாம் அவளுடைய சாக்கிலேயே விழுந்தது. மூன்றாம் நாள் நிறுத்துப் பார்த்த நிரஞ்சன் தராசைத் தட்டிவிட்டு மறுபடி நிறுக்கச் சொன்னார். அதே எடைதான் வந்தது.

"இவ்வளவு நாளா இந்தக் கைய எங்க வச்சிருந்தீங்கம்மா?"

"ரெஸ்ட்ல இருந்திச்சுங்க ஐயா."

அவர் சந்தோஷப்பட்டார். ஓய்வு கொடுத்தது தாம்தானே. கைக்காசுக்காரரில் அந்த மாதம் அதிகம் வாங்கியவள் ஜீவராணிதான். தனுஜனுக்கு இனி அனுப்பத் தேவையில்லை என்று சொன்னாள். அம்மா கோபித்துக்கொண்டதாக அவன் நினைத்து, வெள்ளிக்கிழமை தவிர ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுகிறான்.

தூரத்து மலையில் பாதை புல் மூடாமல் இருக்கிறது, அவள் வாரத்துக்கொரு முறை வெட்டிவிடுகிறாள். சவுக்கடியில் ஒரு கல்லில் அவள் உட்கார்வாள், மற்றதில் சாக்கை வைப்பாள். அடுப்பு மூட்டுவதில்லை, ஒருத்திக்குத் தண்ணி காய்ச்ச விறகு தண்டம். பிளாஸ்க் இருக்கிறது. நல்ல பிளாஸ்க்தான், காலையில் ஊற்றினால் மதியம்வரை சூடு ஆறாது. ஆனாலும் அவள் மதியம்வரை வைத்திருப்பதில்லை. பத்து மணிக்கு ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து பொன்னையாவின் கூவல் வரும். அது வருவதற்கு முன்பே குடித்துமுடித்து, மூடியைத் திருகி, நிரைக்குள் இறங்கிவிடுகிறாள்.